ஒரே மூச்சில் எழுதிய தீர்மானம்

படம் போட்டு இலக்கணம் நடத்த வேண்டாம் என்று பள்ளியில் எனக்கு எழுதியே கொடுத்துவிட்டார்கள். மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியை. வாக்கியத்தைக் கரும்பலகையில் பிரித்து வரைவது என் வழக்கம். மேலே ஒரு நீளக் கோடு. அதன் வலது கோடியில் வினைமுற்று, இடது கோடியில் எழுவாய். மற்ற சொற்களெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து கிளை கிளையாகத் தொங்கும். எது எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். பி.எட். படிக்கும்போது ஆங்கில வகுப்பில் இதைப் பார்த்தேன். தமிழுக்கும் பொருந்துமா என்று வரைந்து பார்த்தேன், பொருந்தியது. எனக்கு அது பித்தாகவே ஆகிவிட்டது.

“இதுல எத்தனை மார்க் வருது, டீச்சர்?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“மார்க் வராது மேடம், புத்தி வரும்” என்றேன். வாயை அடக்கத் தெரியாதது என் ஜாதகத்திலேயே இருக்கிறது. மறுநாள் கடிதம் வந்தது. பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அதில் இருந்தது. யார் சொல்கிறார்கள் என்பது அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. அதையும் ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் பிறந்தது ஆரம்பாக்கம். பஸ் உண்டு, ரயில் உண்டு, கோபம் வந்தால் எழுந்து போக ஒரு ரோடாவது உண்டு. கட்டிக்கொடுத்த இடம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. படகில் கரைக்கு வந்து, பஸ் பிடித்து, பள்ளிக்குப் போக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிப் படகு. அதில் ஏறி இறங்கிவிட்டால், புருஷனோடு சண்டையோ நாத்தனாரோடு சண்டையோ, விடியும்வரை அந்த வீட்டுக்குள்தான் எல்லாம். “தண்ணி பார்த்த ஊரு, காத்து நல்லா வரும்” என்று சொல்லித்தான் என் நைனா அனுப்பி வைத்தார். காற்று வரத்தான் செய்கிறது.

வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணமான மறு மாதமே அண்ணியின் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. தம்பி அதே ஊரில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்த் தட்டுமுட்டுச் சாமான்களோடு அக்காவை அழைத்துவந்து பின்பக்க அறையில் வைத்தார். அந்த அறைக்கு ஏரிப் பக்கமாகத் தனி வாசல் உண்டு. அண்ணி அதன் வழியாகவே போவார், வருவார். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரைக்குக் கீழே, பேசிய நாட்களைவிட முறைத்துக்கொண்ட நாட்களே எங்களுக்குள் அதிகம்.

எங்கள் ஊர்ப் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை யாரும் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ள முடியாது. ஊரில் இத்தனை முறைக்காரர்கள் என்று கணக்கு. வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று பிரிப்பார்கள். இதற்குப் பாடு என்று பெயர். முறை இருக்கிறவன் குடும்பம் நடத்தலாம். இல்லாதவன் மற்றவன் படகில் கூலிக்கு ஏற வேண்டும், அல்லது கரையோரம் முட்டியளவு தண்ணீரில் கையால் இறால் தடவ வேண்டும்.

முறைக்காரர் செத்துப்போனால் அவர் மனைவி ஆள் போட்டு நடத்தலாம். அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. போட்ட ஆள், வலை கட்டப் போகும் ஒவ்வொரு நாளும், முறைக்காரி வாசலில் வந்து நின்று, படகு தள்ளும் கழியை அவள் கையால் வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் கூடையை அவள் வாசலில்தான் இறக்க வேண்டும். எவ்வளவு பெரிய மீசைக்காரனாக இருந்தாலும் சரி.

அண்ணிக்கு அப்படி முறை நடக்கவில்லை. “ஆம்பளப் புள்ள இல்லாத வூட்டு முறைய ஊரே எடுத்துக்கிச்சு” என்பார். அப்படித்தான் அவர் நம்பியிருந்தார். நானும்தான். பன்னிரண்டு வருடமாக அவர் இடுப்பில் பறிக்கூடை கட்டிக்கொண்டு, அக்கரையிலிருந்து வரும் பெண்களோடு சேர்ந்து, சேற்றில் உட்கார்ந்து தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கடல் பார்த்த குப்பத்துப் பெண் சேற்றில் உட்காருவதா என்று ஊர் பேசியது. “சோறு போடுறவன் பேசட்டும், கேட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நகக்கண்களெல்லாம் வெடித்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைத் தொடும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு முறை. ஒன்று அவருடையது, இன்னொன்று ஊர் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. வருகிற சீதேவியை வேண்டாம் என்பார்களா?

இனி நோட்டுக்கு வருகிறேன். ஊர்த் தீர்மானங்கள் எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். உப்புக் காற்றில் மை பரவி, தாள் நமுத்து, ஒரு வருடத்துக்கு மேல் எந்த நோட்டும் தாங்காது. அதனால் சீட்டுப் போடுவதற்கு முன்பு பழைய தீர்மானங்களைப் புது நோட்டில் எழுதி, கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கும்போது படிக்க வேண்டும். படித்ததுதான் செல்லும். படிக்கிறவர் ஒரு தீர்மானத்தை எடுத்தால் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. ஏனென்றால், நிறுத்தினால் அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம், ஊர் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆம்பளை, பொம்பளை, முறைக்காரன், கூலிக்காரன் என்ற பேதம் கிடையாது. நிறுத்தாமல் படித்து முடித்து, எல்லோரும் “ஆமா” போட்டுவிட்டால், அடுத்த வருடம்வரை வாயைத் திறக்க முடியாது.

நல்ல வழக்கம்தான். யாரோ நியாயம் தெரிந்தவர் போட்டிருக்க வேண்டும். அப்புறம் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். தீர்மானம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை ஒரே வாக்கியமாக எழுதிவிட்டார்கள். புள்ளியே இல்லாவிட்டால் படிக்கிறவன் எங்கே நிறுத்துவான்? மூச்சுப் பிடிக்கிறவனாகப் பார்த்துப் படிக்கவிட்டார்கள். எங்கள் ஊரில் அது என் வீட்டுக்காரர். முங்கி நண்டு பிடித்துப் பழகிய நெஞ்சு. ஒரு பக்கத் தீர்மானத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொள்வார். அந்த வேகத்தில் என்ன படித்தார் என்று ஒருவருக்கும் பிடிபடாது. ஊர் கைதட்டும்.

எழுதுகிற வேலை என்னுடையது. கல்யாணமாகி வந்த நாற்பதாம் நாள், ஊர்த் தலைவர் வீட்டிலிருந்து நோட்டும் பேனாவும் வந்தன. “புதுப் பொண்ணு எழுத்து முத்து முத்தா கீதாமே” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் சொல்லச் சொல்ல ஒருவர் துண்டுத் தாளில் கிறுக்கியிருந்ததைப் பார்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகாக எழுதினேன். என்ன எழுதினேன் என்று பார்க்கவில்லை. எழுத்து நேராக வருகிறதா என்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு வருடா வருடம் அதையே பார்த்து எழுதினேன். பன்னிரண்டு தடவை. பகலெல்லாம் பிள்ளைகளிடம் “எழுவாயைத் தேடு, எழுவாயைத் தேடு” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவள் நான்.

பள்ளியில் படம் போடக் கூடாது என்று சொன்ன அந்த வருடம், ஊரில் நான்கு பெண்கள் என்னிடம் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு. எட்டாவதைத் தனியாக எழுதிப் பாஸ் செய்துவிட்டால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாலாவது ஆள் அண்ணி. வாசலில் நின்றபடியே, “எனக்கும் சொல்லிக் குடுப்பியா, இல்ல வூட்டாளுக்குக் கெடையாதா?” என்று கேட்டார். என்னிடம் அவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மீன் ஏலம் விடும் கொட்டகையில், சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு. பள்ளியில் தடுத்த வீம்புக்கு இங்கே படம் போட்டேன் என்பதுதான் உண்மை. ஐஸ் பெட்டியின் மூடியில் சாக்பீஸால் நீளக் கோடு போட்டேன். “கடைசியிலிருந்து ஆரம்பிக்கணும். முடிக்கிற சொல்லைப் பிடிங்க. அப்புறம் யாரு, யாருன்னு கேட்டுக்கினே மேலே போங்க” என்றேன். பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பிடிப்பது இவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. வலையில் மேல்கயிறு எது, அதிலிருந்து தொங்குவது எது என்று இவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

“அப்ப இந்த மாதிரிப் போட்டா, யார் செஞ்சான், யாருக்குச் செஞ்சான்னு மறைக்க முடியாதில்ல?” என்று கேட்டார் ஒரு பெண்.

“முடியாது. வாக்கியத்துல இருந்தா படத்துல வந்துதான் ஆகணும்.”

அண்ணி அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படம் போட ஆரம்பித்தார். மண்ணெண்ணெய் கேனில் ஒட்டியிருந்தது, ஓட்டு கேட்டு வந்த நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ் என்று எதையும் விடவில்லை. அடுப்பங்கரைச் சுவரெல்லாம் கரித்துண்டுக் கோடு. “இன்னாக்கா இது, செவுத்தயெல்லாம் கலீஜ் பண்ணி வச்சிகினு” என்று தம்பி சத்தம் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லப்போனால் அந்த இரண்டு மாதம்தான் நானும் அண்ணியும் சிரித்துப் பேசிக்கொண்டோம்.

சீட்டுப் போடும் நாள் நெருங்கியது. பழைய நோட்டும் புது நோட்டும் வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுக்காரர் வலை காயப்போடப் போயிருந்த நேரம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பழைய நோட்டைத் திறந்தபடி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். கையில் பழைய காலண்டர் தாள் ஒன்று, பின்பக்கம் வெள்ளையாக.

“இது எனக்கு வர மாட்டேங்குது. நீ போட்டுக் குடு” என்றார்.

அது பதினேழாவது தீர்மானம், பதினேழாம் முறை பற்றியது. நான் எழுதியது. இப்படி இருந்தது:

“நமது ஊர்ப் பாடு வரிசையில் பதினேழாம் முறைக்குரியவர் காலமாகிவிட்டபடியாலும், அன்னாருக்கு ஆண் வாரிசு இல்லாதபடியாலும், அன்னாரின் மனைவிக்கு ஆள் போட்டு முறை நடத்த விருப்பமும் சக்தியும் இல்லையென்று அவளுடன் பிறந்த தம்பி ஊரில் தெரிவித்துக்கொண்டதன் பேரிலும், மேற்படி முறை வீணாகாமல் இருக்கும் பொருட்டு அதை மேற்படி தம்பியின் முறையுடன் சேர்த்து அவரே அனுபவித்து வரும்படியும், மேற்படி மனைவியை அவரே வைத்துப் பராமரித்து வரும்படியும் ஊர் ஏகமனதாகத் தீர்மானித்தது.”

பேனாவை எடுத்து மேலே நீளக் கோடு போட்டேன். வலது பக்கம் ‘தீர்மானித்தது’. இடது பக்கம் ‘ஊர்’. அதுவரைக்கும் கை சரளமாகப் போனது. காலமானவர், அவருக்குக் கீழே ஒரு கிளை. வாரிசு இல்லை, இன்னொரு கிளை. மூன்றாவது கிளையில் ‘தெரிவித்துக்கொண்டது’ என்று எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் வாய்விட்டே கேட்டேன், “யாரு?”

“தம்பி” என்றார் அண்ணி.

கை நின்றுவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரத்தான் செய்திருக்கிறது அவருக்கு. எனக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்.

“போடு. தம்பின்னு போடு. முழுசாப் போடு.”

போட்டேன். ‘தம்பி’ எழுவாய். அவர் சொன்னது என்ன? அக்காவுக்கு விருப்பம் இல்லை. அதைத் தொங்கவிட்டேன். நாலாவது கிளையில் அனுபவிப்பது யார்? தம்பி. ஐந்தாவதில் பராமரிப்பது யார்? தம்பி. ஊரை விட்டால், தாள் முழுக்க வேறு யாரும் எதையும் செய்யவில்லை. அண்ணி இரண்டே இடத்தில் இருந்தார். ‘மனைவிக்கு’, ‘மனைவியை’. இரண்டும் யாரோ செய்கிற காரியத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

“என்னைய யார் கேட்டா? அத்த எங்க போடுவ?” என்று அண்ணி கேட்டார்.

“அது வாக்கியத்தில் இல்ல அண்ணி.”

“ஊர் எடுத்துக்கிச்சுன்னு நெனச்சிக்கினு கீறேன், பன்னெண்டு வருசமா. ஊரோட யாரு சண்ட போடுவான்னு சேத்துல ஒக்காந்துக்கினேன். இவன் பக்கத்து ரூம்ல கீறான்.” குரல் உயரவேயில்லை. அப்புறம் காலண்டர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். “டீச்சர், இந்தப் படத்துல எல்லாரும் கீறாங்க. செத்தவன் கூட கீறான். இத்த எழுதுன கை எங்க கீது?”

எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டது. எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. எங்கே ஓடுவது? ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு படகும் கிடையாது.

வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். பக்கத்து அறையில் அண்ணிக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

“அக்காவுக்கு விருப்பம் இல்லைன்னு ஊர்ல சொன்னது நீங்களா?”

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அப்ப அது அழுதுகினு கெடந்துச்சு. அத்த போய் இன்னான்னு கேக்கறது? முறை சும்மா போயிருக்கும். வூட்ல வச்சி சோறு போட்னு தான கீறேன். வெளிய தொரத்தினேனா?” என்றார்.

“அழுகை எத்தனை நாளைக்கு? பன்னிரண்டு வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கலாமே.”

“ஊர் எழுதினதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

“ஊர் எழுதல. நான் எழுதினேன்.”

அவர் சாப்பிடாமலே வெளியே போய்விட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அண்ணிக்குக் காய்ச்சல் வந்தால் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு படகேறுகிறவர் அவர்தான். ஆனால் ஒரு தடவை கையில் வந்ததைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டாவது முறையில்தான் இந்த வீட்டுக்குத் தளம் போட்டோம். நான் போட்டிருக்கிற வளையலும் அதில்தான் வந்தது.

அடுத்த ஒன்பது நாட்களைப் போல் நாட்கள் எனக்கு வந்ததில்லை. அண்ணி வகுப்புக்கு வந்தார், எழுதினார், போனார். என்னிடம் பேசவில்லை. வீட்டுக்காரர் பேசவில்லை. சொல்லி வைத்தாற்போல் இருவருமே என்னிடம்தான் கோபமாக இருந்தார்கள். ஊரில் போய்ச் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் இருபத்துநான்கு மணி நேரமும் அந்தப் பின்பக்க அறையின் முகத்தில் விழிக்க வேண்டும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பள்ளியிலிருந்து திரும்பும்போது படகில் ஏறக் காலே வராது. ஆறு மணிப் படகை விட்டுவிடலாமா என்று ஒரு நாள் உண்மையாகவே கரையில் நின்றேன். படகோட்டி, “இன்னாக்கா, ஏறு” என்றான். ஏறினேன்.

பெண் பிள்ளைகள் கூட்டத்தில் எழுந்து புதுசாகப் பிராது கொடுக்க எங்கள் ஊரில் வழி இல்லை. ஆட்சேபணை சொல்லலாம். படிக்கிறவர் நிறுத்தினால் சொல்லலாம். அவர் நிறுத்த வேண்டும், அதுதான் சிக்கல்.

கடைசி நாள் புது நோட்டை எடுத்தேன். பதினாறு தீர்மானங்களையும் இருந்தபடியே எழுதினேன். பதினேழாவதை மட்டும் உடைத்து எழுதினேன். ஒரு விஷயத்தையும் மாற்றவில்லை, புதிதாக ஒன்று மட்டும் சேர்த்தேன்.

“பதினேழாம் முறைக்காரர் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. அவர் மனைவிக்கு முறை நடத்த விருப்பம் இல்லை என்று அவளுடைய தம்பி ஊரில் சொன்னார். அவளை யாரும் கேட்கவில்லை. முறையை ஊர் தம்பிக்குக் கொடுத்தது. அவளைப் பராமரிக்கும்படி ஊர் தம்பிக்குச் சொன்னது.”

நோட்டை மூடித் துணியில் கட்டினேன். அவர் கூட்டத்துக்கு முன்பு அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மனப்பாடமாகவே தெரியும் என்ற தைரியம். அன்று மட்டும் பிரித்துப் பார்த்துவிடுவாரோ என்று இன்னொரு முடிச்சும் போட்டேன். பார்த்துவிட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. பார்க்கவில்லை.

கோயில் முன்னால் பந்தல். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் மதில் ஓரம் நின்றோம். அண்ணி எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பயம்.

வீட்டுக்காரர் படிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் ஒரே மூச்சு, ஒவ்வொன்றுக்கும் “ஆமா.” பதினாறுக்கும் ஆமா. பதினேழுக்கு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டார். “பதினேழாம் முறைக்காரர் காலமானார் அவருக்கு ஆண் வாரிசு இல்லை அவர் மனைவிக்கு...” என்று புள்ளிகளையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். என் கணக்கு தப்பிவிட்டது என்று தெரிந்தது. புள்ளி வைத்தால் மட்டும் போதுமா, நிறுத்துகிறவன் அல்லவா நிறுத்த வேண்டும்? “...தம்பி ஊரில் சொன்னார் அவளை யாரும்...”

அங்கே கண், வாயை முந்திக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. “கேட்கவில்லை” என்று சொன்னார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

மூச்சு இருந்தது அவரிடம். மார்பு விம்மி நிற்பது மதில் ஓரத்திலிருந்தே தெரிந்தது. மிச்ச இரண்டு வரியை ஒரு நொடியில் தள்ளிவிட்டிருக்கலாம். நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பிடித்து வைத்திருந்த காற்றை மெதுவாக வெளியே விட்டார்.

தலைவர் நிமிர்ந்தார். “இன்னாப்பா, நிறுத்திட்ட?”

“எனக்கு ஆட்சேபணை கீது” என்றார் அண்ணி.

ஊரே திரும்பியது. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “என்னைய யாரும் கேக்கல. இப்பக் கேளுங்க.”

எங்கள் ஊரில் இப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு குசுகுசுவென்று பேசினார். வழக்கம் வழக்கம்தான், நிறுத்தினால் கேட்டாக வேண்டும். “சரிம்மா, கேக்கறோம். முறைய நடத்த உனக்கு விருப்பமா?”

“விருப்பம்.”

“ஆள் போடணுமே. யாரப் போடுவ? இந்த ஊர்ல முறை இல்லாத ஆளு எத்தினி பேரு கீறான், அவன்ல ஒருத்தன சொல்லு.”

“முறை இருக்கிறவன் ஆளாப் போகக் கூடாதுன்னு நோட்டுல கீதா?”

தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் நோட்டைப் புரட்டவில்லை. “இல்ல” என்றார்.

“அப்ப என் தம்பியப் போடறேன்” என்றார் அண்ணி.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும். நோட்டில் தடை இல்லாததால் ‘ஆமா’ போடத்தான் வேண்டும், போட்டார்கள். என் வீட்டுக்காரரும் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் முதுகுதான் தெரிந்தது.

இதனால் எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். அந்த வாரமே ஊர் மறுபடி கூடி, இனிமேல் தீர்மானத்தின் நடுவில் புள்ளி வைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டது. அதையும் எழுத நோட்டு என்னிடம்தான் வந்தது. வேறு நல்ல கையெழுத்து ஊரில் இல்லையாம். புள்ளி இல்லாமல், ஒரே மூச்சில், முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லிவிட்டு ஆறு மணிக்கு எந்த ஊருக்குப் படகேறுவது? பள்ளியிலும் நான் இன்னும் படம் போடுவதில்லை. வீட்டுக்காரர் என்னிடம் பேச இரண்டு மாதம் ஆயிற்று. பேசிய முதல் வார்த்தை, “உப்பு எடு.”

ஆனால் ஒன்று மாறியது. அந்தத் தீர்மானத்தை எழுதுவதற்கு முன்பு நான் துண்டுத் தாளோடு பின்பக்க அறைக்குப் போனேன். இருவரும் உட்கார்ந்து படம் போட்டோம். முடித்த பிறகு அண்ணி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தக் காலண்டர் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நான் பேனாவை எடுத்து, மேலே இருந்த நீளக் கோட்டுக்கும் மேலே ஒரு கோடு போட்டேன். ‘நான்’ என்று எழுதினேன். ‘எழுதினேன்’ என்று எழுதினேன். ‘ஊர் தீர்மானித்தது’ என்ற மொத்தப் படமும் அதன் கீழே தொங்கியது.

அண்ணி பார்த்துவிட்டு, “எழுத்து நல்லாத்தான் கீது” என்றார். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

பதினேழாம் முறையின் முதல் நாள். சாயங்காலம், வலை கட்டப் போகிற நேரம். நான் அடுப்பில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றார். பின்பக்க அறைக்குப் போகும் கதவு அவருக்கு நாலடி தூரம். அதைத் தள்ளினால் அக்கா. அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்வாசலில் இறங்கினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது, மணலில், மெதுவாக. அடுப்பங்கரை ஜன்னலைத் தாண்டினார். என்னைப் பார்க்கவில்லை. ஏரிப் பக்கத்து வாசலில் போய் நின்றார்.

கழி அந்த வாசல் நிலையில் சாய்ந்திருந்தது. கை நீட்டினால் எட்டும். அவர் எடுக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றார்.

அண்ணி உள்ளிருந்து வந்தார். கழியை இரண்டு கையாலும் எடுத்தார். விரல் நுனிகளில் பழைய வெடிப்புகள். தம்பி கையில் கொடுத்தார்.

“போய்ட்டு வரேங்க்கா” என்றார் அவர்.

“பாத்துப் போ. கூடை இங்கதான் எறங்கணும்” என்றார் அண்ணி.